திரைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

தர்மபுரி ஜில்லாவில் பாலக்கோடு என்ற பெயரைச் சொன்னால் தக்காளிதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். சந்தையில் ஒரு நாள் விலை ஏறுகிறது, மறுநாள் இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் குடியானவனால் தடுக்க முடியாது. தன் கூடைக்கு உரிய பணம் தன் பெயரில் சரியாக விழ வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையாவது அவனுக்கு உண்டல்லவா?

முன்பு பேரேடு இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டரின் விரிதாள் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸெல் போன்ற விரிதாள்களில் 'வடிகட்டி' என்றொரு சௌகரியம் உண்டு. இருநூறு பேர் கணக்கில் மாரண்டஹள்ளிக்காரர்களை மட்டும் காட்டு என்றால், ஒரு நொடியில் காட்டுகிறது. மற்ற ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. அவர்கள் முன்னால் ஒரு திரை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை மறப்பதனால்தான் வினை விளைகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். வடிகட்டிய பிறகு 2, 9, 15 ஆகிய மூன்று வரிசைகள் மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். வேறோர் இடத்தில் எழுதி வைத்த மூன்று தொகைகளை நகலெடுத்து, இரண்டாம் வரிசையில் ஒட்டுகிறோம். முதல் தொகை சரியான இடத்தில் விழுகிறது. மற்ற இரண்டும் 9, 15-ஐத் தேடிப் போவதில்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் 3, 4-ல் போய் விழுகின்றன! மாரண்டஹள்ளிக்காரர் பணம் பஞ்சப்பள்ளிக்காரர் பெயரில் ஏறுகிறது. அங்கே முன்பு இருந்த தொகையும் அழிகிறது. இத்தனையும் நம் கண்ணுக்குத் தெரியாமலே நடந்து முடிகிறது.

கூட்டலிலும் இப்படி ஒரு சங்கடம் உண்டு. 'சம்' என்னும் சூத்திரம் மறைந்திருப்பவற்றையும் சேர்த்தே கூட்டும். தெரிகிற வரிசைகளை மட்டும் கூட்ட வேண்டுமானால் 'சப்டோட்டல்' என்ற சூத்திரத்தை 9 என்ற எண்ணுடன் உபயோகிக்க வேண்டும். வடிகட்டியின்றிக் கையால் மறைத்த வரிசைகளையும் தள்ள வேண்டுமானால் அந்த எண் 109.

இவை சில்லறை விஷயங்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிறுவனம் திவாலானபோது, அதன் சொத்துக்களில் ஒரு பகுதியை பார்க்லேஸ் பாங்கி வாங்க முன்வந்தது. எந்த ஒப்பந்தங்களை ஏற்பது என்ற ஜாபிதா எக்ஸெலில் இருந்தது. வேண்டாம் என்று ஒதுக்கிய 179 ஒப்பந்தங்கள் அதில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. கோர்ட்டில் தாக்கல் செய்வதற்காக இரவோடு இரவாக ஜாபிதாவை வேறு வடிவத்துக்கு மாற்றியபோது, அந்த மறைந்த வரிசைகள் வெளியே வந்து, வாங்கும் ஒப்பந்தங்களோடு சேர்ந்துகொண்டன. பிறகு, அவற்றை நீக்கும்படி கோர்ட்டில் விண்ணப்பம் போட நேர்ந்தது. மறைத்தது நீக்கியதாகாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பரிகாரம் எளிது. கணக்கை ஆரம்பிக்கும்போதே முதல் பத்தியில் வரிசை எண் போட்டுவிட வேண்டும். ஒட்ட வேண்டிய சமயத்தில் வடிகட்டியை நீக்கிவிட்டு, தாள் முழுவதையும் ஊர் வாரியாக அடுக்கினால், மாரண்டஹள்ளிக்காரர்கள் அனைவரும் அடுத்தடுத்து வந்து நிற்பார்கள். பெயரைப் பார்த்து, அதே வரிசையில் தொகைகளை ஒட்டலாம். வேலை முடிந்ததும் வரிசை எண்ணின்படி மறுபடி அடுக்கினால் தாள் பழைய நிலைக்கு வந்துவிடும். எக்ஸெலில் வடிகட்டியிருக்கும்போது ஓரத்து வரிசை எண்கள் நீல நிறமாக மாறும். எண்கள் விட்டு விட்டும் வரும். அந்த நீலத்தைக் கண்டால் கை சற்றே தயங்கட்டும்.

மண்டிக்கு மட்டுமல்ல, வீட்டுக் கல்யாணத்தின் மொய்க் கணக்குக்கும் இது பொருந்தும். மாமன் வைத்த மொய் மச்சான் பெயரில் ஏறினால், அடுத்த விசேஷத்தில் எத்தனை மனஸ்தாபம் விளையும் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.