உச்சுக் கொட்டாதீர்கள்!

பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் ரேமோன் பூலிதோரை 'என்றும் இரண்டாமவர்' என்று சொல்லி உச்சுக் கொட்டுகிறார்கள். யாருக்கு வேண்டும் இந்த அனுதாபம்?

'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் 14 முறை ஓட்டினார். 3 முறை இரண்டாமிடம், 5 முறை மூன்றாமிடம். முன்னணி வீரருக்குரிய மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூட அணிந்ததில்லை. 1964-ல் ஆங்கெதிலிடம் வெறும் 55 விநாடியில் தோற்றார். எல்லாம் வாஸ்தவம்தான்.

ஆனால், அதே வருஷம் ஸ்பெயின் தேசத்துப் பெரும் பந்தயத்தை வென்றவர் யார்? 1972-ல், இளங்காளை மெர்க்ஸைப் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் வீழ்த்தியவர் யார்? 1976-ல், நாற்பது வயதில், டூரில் மூன்றாவதாக வந்தவர் யார்?

முதலிடம் ஒருவருக்குத்தான். மற்றவர் உழைப்பெல்லாம் தோல்வி என்றால், ஐயா, நம்மில் வாழ்ந்தவர் எத்தனை பேர்?