பிள்ளை கடனுக்கு ஈடல்ல

காணியை ஈடு வைக்கலாம்; நகையை ஈடு வைக்கலாம். காலம் கைகொடுத்தால் மீட்டும் விடலாம். பெற்ற பிள்ளையை ஈடு வைக்கலாமா?

இடம்பெயர்ந்து, வயலும் மாடும் இழந்து, கடன்பட்டு நிற்கும் வீட்டுக்குத் தரகர் வருகிறார். "சீதனம் வேண்டாம். உங்கள் கடனையும் மாப்பிள்ளை வீட்டார் தீர்ப்பார்கள்" என்கிறார். மாப்பிள்ளையின் தொழிலோ முன்னைய விவாகமோ எவருக்கும் தெரியாது. பிள்ளையின் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை. போன இடத்தில் அவள் மனைவியா, சம்பளமில்லாத வேலைக்காரியா என்பது பிறகுதான் தெரியவரும்.

பெற்றோரைக் குற்றம் சாட்டுவது எமது நோக்கமல்ல. வன்னியில் போரின் இறுதி ஆண்டுகளில், 2009 வரை, பிள்ளைகள் பலவந்தமாகப் போருக்குச் சேர்க்கப்படுவதற்கு அஞ்சி, வயது வராதவர்களுக்கே அவசரமாக மணம் முடித்துவைத்த பெற்றோர் பலர். காப்பாற்றவே அப்படிச் செய்தார்கள். ஆனால் அந்த முடிவின் சுமையைச் சுமந்தவர்கள் பிள்ளைகளே.

சட்டம் தெளிவாக இருக்கிறது. பொது விவாகச் சட்டத்துக்கு 1995இல் வந்த திருத்தத்தின்படி, 18 வயது பூர்த்தியாகாதவரின் விவாகம் செல்லாது. பெற்றோர் சம்மதித்தாலும் செல்லாது. பணத்துக்கோ வேறு பலனுக்கோ ஓர் ஆளை வாங்குவதும் விற்பதும், அதற்குத் துணைபோவதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி ஆட்கடத்தல் குற்றம். 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 முதல் 20 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மறுக்கும் உரிமையின்றிப் பெண்ணைப் பணத்துக்கு மணமுடித்துக் கொடுப்பதை, 1956ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை அடிமைத்தனத்தை ஒத்த வழக்கமென்றே கூறுகிறது. பலவந்தத்தாலோ பேரச்சத்தாலோ செய்யப்பட்ட திருமணம் செல்லாது என்பதே கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும்.

பேசிச் செய்யும் கலியாணங்கள் எல்லாம் கடத்தல் அல்ல. பிள்ளை "வேண்டாம்" என்று சொன்னால் அந்தப் பேச்சு நிற்குமா? இதுவே அளவுகோல். நில்லாது என்றால், தாலி கட்டினாலும் அது வியாபாரமே.

ஆனால் சட்டம் பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகே வருகிறது. கடன் முற்றுமுன் கைகொடுக்க வேண்டியவர்கள் நாம்: எமது மாதர் சங்கங்கள், சிக்கனக் கடன் குழுக்கள், பங்குச் சபைகள். தரகரின் பேச்சை நம்புமுன் மாப்பிள்ளையின் ஊரில் விசாரியுங்கள். பிள்ளையின் அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் அவள் கையிலேயே இருக்கட்டும். ஆபத்தென்றால் சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கங்கள் உண்டு.

இழந்த காணி ஒருநாள் திரும்பக் கிடைக்கலாம். விற்ற பிள்ளையின் வாழ்வை எவர் மீட்டுத் தருவார்?