நைஸ்

பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் ஊரில் ஆடி அமாவாசையை ஒட்டி நடக்கும் வாவுபலி பொருட்காட்சிக்குப் போய்வந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். திருத்தி வந்த தாளில் ஐந்து இடத்தில் சிவப்பு வட்டம். ஐந்தும் ஒரே சொல்: நைஸ். ஆறு நைஸ், கூட்டம் நைஸ், ராட்டினம் நைஸ், வாங்கின பலாக்கன்று நைஸ், ஐஸ்கிரீமும் நைஸ். "ஸ்பெல்லிங் சரிதானே மாமா, பின்ன எதுக்கு வட்டம்?" என்று தாளை நீட்டினாள்.

இந்த வட்டத்தை 200 வருடத்துக்கு முன்பே ஒருத்தி போட்டுவிட்டாள். ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபே' அவர் இறந்து ஐந்து மாதம் கழித்து, 1817 டிசம்பரில் வெளிவந்தது. அதில் கேத்தரின் என்ற பெண் தனக்குப் பிடித்த நாவலை நைஸ் என்று புகழ்கிறாள். ஹென்றி டில்னி அவளைச் சீண்டுகிறான்: நீ சொல்வது அதன் பைண்டிங்கையா? ஒரு காலத்தில் நேர்த்தியையும் நுட்பத்தையும் மட்டும் குறித்த சொல், இப்போது எதை வேண்டுமானாலும் புகழக் கிடைத்துவிட்டது என்பது அவன் குறை.

அந்தச் சொல்லின் பழைய ஊரோ அவன் சொன்னதைவிடத் தூரத்தில் இருக்கிறது. லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். அறிதலைக் குறிக்கும் 'ஸ்கிரே' என்ற வினையோடு இல்லை என்பதைச் சேர்த்தால் அது வரும். அதே வினையிலிருந்து வந்ததுதான் சயின்ஸ். ஆக சயின்ஸும் நைஸும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று அறிவு, மற்றது அறியாமை. பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி இங்கிலாந்துக்கு வந்தபோது நைஸ் என்பவன் முட்டாள். கவிஞர் சாசர் அந்தப் பொருளில்தான் எழுதினார். பிறகு எதற்கும் முகம் சுளிப்பவன் நைஸ் ஆனான். அந்தச் சுளிப்பிலிருந்து, பொறுக்கி எடுப்பது, நுணுக்கம் பார்ப்பது என்று பொருள் நகர்ந்தது. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்'டில் அற்பமான சண்டையும் நைஸ்தான். இனிமையானது என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. நடுவிலிருந்த நுணுக்கம் அடியோடு போய்விடவில்லை. எங்கள் குழித்துறை கோர்ட்டு ஊர். இங்குள்ள வக்கீல்களுக்குத் தெரியும், சட்டத்தில் 'நைஸ் கொஸ்டின்' என்றால் நல்ல கேள்வி அல்ல, மயிரிழை வித்தியாசத்தில் தொங்கும் கேள்வி.

இதைப் பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மாவு மில்லு நினைவுக்கு வந்தது. அரிசியைக் கொண்டு வைத்ததும் மில்லுக்காரர் கேட்பார்: "இடியாப்பத்துக்கா, புட்டுக்கா?" புட்டுக்குத் தரிதரியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் குழலுக்குள் ஆவி ஏறாது, களிபோல ஒட்டும். இடியாப்பத்துக்குக் குருணை ஒன்று இருந்தாலும் அச்சில் அடைக்கும். "இடியாப்பத்துக்கு. நல்ல நைசா பொடிச்சுத் தாங்க அண்ணே." பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் பாட்டி இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டில்னி போய்விட்டதே என்று குறைப்பட்ட அந்த நுண்மை எங்கள் மில்லில் பத்திரமாக இருந்திருக்கிறது. கேரள எல்லையைத் தாண்டி வடக்கே போனால் மலபாரில் அரிசிமாவை மெல்லிசாகப் பரத்திச் சுடுவதற்கும் 'நைஸ் பத்திரி' என்றே பெயர்.

வந்த சொல் இவ்வளவு சுலபமாக உட்கார்ந்ததற்கு, அதற்கு முன்பே இங்கே பாய் விரித்திருந்தது காரணம் என்று நினைக்கிறேன். 'நை' நம் சொல். நைந்த துணி, நையப் புடைத்தல். இளகி, நொறுங்கி, மென்மையாவது. நயம் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் பிடித்து வைத்திருப்பது: நைச்சியம். நைசா நழுவிட்டான், நைசா பேசி கையெழுத்து வாங்கிட்டான் என்கிறோமே, அந்தக் கள்ளத்தனம் ஆங்கில நைஸில் கிடையாது. நைச்சியமாகப் பேசினான் என்பதில் அது முழுதாக இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் ஓசையும் நைச்சியத்தின் பொருளும் நம் வாயில் ஒன்றாகிவிட்டன என்பது என் கணிப்பு.

நைச்சியமும் சறுக்கிய சொல்தான். 'நீச' என்பதிலிருந்து வந்தது. தாழ்மை என்று பொருள். வைணவத்தில் பக்தன் பெருமாள்முன் தன்னை எதுவுமற்றவனாகச் சொல்லிக்கொள்வதற்கு நைச்சியானுசந்தானம் என்று பெயர். இங்கிருந்து அதிக தூரமில்லாத திருவட்டாறு ஆதிகேசவனைப் பாடிய நம்மாழ்வாரிடம் அது நிறைய உண்டு. கடவுள்முன் குனிந்த சொல் ஆளை மயக்கக் குனியும் சொல்லாகிவிட்டது. அங்கே முட்டாள் இனியவன் ஆனான். இங்கே பணிந்தவன் தந்திரக்காரன் ஆனான்.

அப்படியானால் நைஸ் என்ற இடத்தில் எங்கள் ஊர் என்ன சொல்லும்? 'கொள்ளாம்.' சாப்பாடு கொள்ளாம், பாட்டு கொள்ளாம், மாப்பிள்ளை கொள்ளாம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தில் இல்லை, மலையாள நாட்டோடு இருந்தது. மலையாளமும் தமிழும் ஒரே திண்ணையில் கிடந்து பேசிய வாய் இது. கொள்ளலாம், ஏற்கலாம் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். பழைய இலக்கணப்படி பிரித்தால் 'ஏற்கமாட்டோம்' என்று நேர் எதிராகவும் பொருள்படும். நான் வெளியூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், நண்பன் எழுதிய கவிதையைக் கொள்ளாம் என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் என்னிடம், தமிழ் பேசு என்றார். மூன்று வருடம் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. விடுமுறைக்கு வந்தபோதுகூட அம்மாவின் மீன்கறியை 'சூப்பர்' என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றவும் இல்லை. அது இப்போதும் வலிக்கிறது.

பிள்ளையிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, நைஸை விடு, வாவுபலியில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். ஆடி அமாவாசை அன்று அப்பாவோடு விடியுமுன்னே ஆற்றங்கரைக்குப் போனாளாம். வாவு என்று நாங்கள் சொல்வது பழந்தமிழ் 'உவா' என்பதன் மிச்சம் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா தாத்தாவுக்குப் பலியிட்டுவிட்டுத் குழித்துறைத் தாமிரபரணியில் முங்கி எழுந்தார். தலையிலிருந்து வடிந்த தண்ணீரைத் துடைக்கவே இல்லை. ஈர வேட்டியோடு நேரே மரக்கன்று விற்கிற இடத்துக்குப் போய் பலாக்கன்று ஒன்றைக் கையில் எடுத்து, இலையைத் திருப்பிப் பார்த்து, "தாத்தாக்குப் பிடிச்ச வரிக்கை" என்றார்.

"இதை எழுது மக்களே."

"கடைசில நைஸ்னு போடட்டா மாமா?"

"அப்பா என்ன சொன்னாரு?"

யோசித்தாள். "கன்ன வீட்டுல கொண்டு நட்டுட்டு, கொள்ளாம்னு சொன்னாரு."

அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் ஆங்கில எழுத்திலேயே கொள்ளாம் என்று எழுதிவிட்டுத் தாளை மடித்தாள்.