வேலிகாத்தான் விதை வேண்டாம்

கோலார் தங்க வயலில் காற்றடி காலம் வந்தாலே சயனைடு மேடுகளைப் பற்றிய பேச்சும் வந்துவிடும். விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பும் நம்மவர்கள், கொடியில் காயும் துணி முதல் சோற்றுத் தட்டு வரை படியும் பொடியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதில்லை. கூடவே ஒரு யோசனையும் சொல்கிறார்கள். மழைக்கு முன் வேலிகாத்தான் விதையைத் தூவிவிட்டால் போதுமாம், மேடு தானே பச்சையாகிவிடுமாம். நல்ல மனதோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனாலும் நான் இதை எதிர்க்கிறேன்.

பொடியைத் தடுக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. நூறாண்டுக்கு மேல் நம் பாட்டன்மார் வெட்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு 13 மேடுகளாக நிற்கிறது, ஏறத்தாழ 3.3 கோடி டன். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, பொடி மட்டும் தங்கிவிட்டது.

வடாற்காட்டிலிருந்து வந்த நாம் வேலிகாத்தான் என்கிறோம். தெற்கே சீமைக் கருவேலம், கன்னடத்தில் பள்ளாரி ஜாலி. அமெரிக்க வெப்ப மண்டலத்துச் செடி. 1877இல் ஜமைக்கா விதையிலிருந்து கடப்பைப் பக்கம் வளர்க்கப்பட்டது. இதை விதை போட்டு வளர்க்க ஒரு வித்தையும் தேவையில்லை. விதைத் தோல் கெட்டியானது. லேசாகக் கீறியோ வெந்நீரில் ஊறவைத்தோ போட்டால் முளைத்துவிடும். அந்தச் சிரமம்கூட வேண்டாம், ஆடு இருக்கிறதே! காயின் சதை இனிப்பு. ஆடு மாடு விரும்பித் தின்னும். விதை கெடாமல் சாணத்தோடு, எருவும் சேர்ந்து, போகிற இடமெல்லாம் விழும். மேட்டில் நாம் தூவுவது மேட்டோடு நிற்காது என்பதுதான் என் கவலை.

லைன் வீடுகளின் ஆடுகள் எங்கே மேய்கின்றன என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மேட்டைத் தாண்டினால் கேழ்வரகும் தக்காளியும் விளையும் நிலம். கன்னடம், தெலுங்கு பேசும் அண்டை அயலாரின் நிலம். தைல மரத்தால் நிலத்தடி நீர் போயிற்று என்று பல காலம் முறையிட்ட மாவட்டம் அது; 2017இல்தான் கர்நாடக அரசு புதிதாக அம்மரம் நடுவதைத் தடை செய்தது. அவர்கள் வயலுக்கு நாம் முள்ளை அனுப்பலாமா? இராமநாதபுரத்தில் இதே செடி விறகும் கரியும் தந்து பல குடும்பங்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் கண்மாய்களையும் அதுவே அடைத்தது. 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அதை அகற்றச் சொல்லி ஆணையிட வேண்டி வந்தது. வெட்டினால் போகாது, மறுபடி துளிர்க்கும், வேரோடு பெயர்க்க வேண்டும்.

இன்னொன்று. இம்மேடுகளில் மீண்டும் தங்கம் பிரிக்கும் மைய அரசின் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. நாளை மேட்டைத் தோண்டினால் விதையும் லாரியில் ஏறி ஊர் ஊராகப் போகும்.

அதுவரை பொடியைத் தின்றுகொண்டு இருக்கச் சொல்லவில்லை. வெட்டிவேர் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தங்கச் சுரங்கக் கழிவிலேயே அதை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கம் பயிராகும் வெட்டிவேர் விதையால் பரவாது; தூர் பிரித்துத்தான் நட வேண்டும். எருவும் தண்ணீரும் ஆள் கூலியும் ஆகும், உண்மைதான். விதை தூவுவது போல ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற காரியம் அல்ல.

ஒரே ஒரு மேட்டின் அடிவாரத்தில் நட்டுப் பார்க்க, மேடுகளுக்கு உரிய பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்திடம் அனுமதி கேட்போம். மனு எழுதத் தெரிந்தவர்கள் நம் சங்கத்தில் உண்டு. எந்த மேட்டில் மழைநீர் எப்படி இறங்கும் என்று அறிந்த பழைய தொழிலாளிகள் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் இருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கேட்டுவிட்டு, பிறகு நாற்றுக்கு ஏற்பாடு செய்யலாம்.