கணினிக் காவலும் எமது பிள்ளைகளின் அரசாங்க உத்தியோகமும்

கமமும் கடலும் தவிர வேறு தொழில் அதிகம் பேசப்படாத எமது ஊர்களில் அண்மைக்காலமாக ஒரு புதிய படிப்பின் பெயர் அடிபடுகிறது. 'சைபர் செக்கியூரிட்டி' என்கிறார்கள். தமிழில் இணையப் பாதுகாப்பு எனலாம். கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் ஆகிய இடங்களுக்குத் திரும்பிவிட்ட குடும்பங்களிலும், இன்னும் ஊர் திரும்பாது வேறிடங்களில் தங்கிவிட்ட குடும்பங்களிலும், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஒரு வெளிநாட்டுச் சான்றிதழை எடுத்துவிட்டால் அரசாங்கத்தில் கணினி உத்தியோகம் நிச்சயம் என்று கைபேசியில் விளம்பரம் வருகிறது. தாய்மார் காதில் கழுத்தில் கிடப்பதை ஈடு வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படிப்பு நல்லது. எமது பிள்ளைகளால் முடிந்ததும்கூட. ஆனால் விளம்பரம் காட்டுகின்ற வரிசை பிழையானது. வெளிநாட்டுச் சான்றிதழ் முதற்படி அல்ல, கடைசிப் படி. முதற்படிக்கு நகை ஈடு வைக்கத் தேவையில்லை.

இந்தத் தொழில் என்னவென்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இதை விளங்கிக்கொள்ள எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்த நாட்டில் குறைவு. 1984 மார்கழியில் கொக்கிளாயும் அயற்கிராமங்களும் வெளியேறியபோது, சிலர் காணி அனுமதிப்பத்திரத்தை றங்குப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பலருக்கு அதற்கும் அவகாசம் இருக்கவில்லை. 1988 இல் மணலாறு வெலிஓயா ஆக்கப்பட்டு மகாவலி 'எல்' வலயத்துக்குள் வந்தது. 2009 இல் போர் முடிந்த பின்னர் திரும்பி வந்தவர்களிடம், முந்திரிகைக்குளத்திலும் ஆமையன்குளத்திலும் தாங்கள் விதைத்த நிலம் தங்களுடையதென்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கப்பட்டது. பத்திரம் கையில் இருந்தவர் வாய் திறந்து பேசினார். இல்லாதவர் கந்தோர் கந்தோராக அலைந்தார்.

இணையப் பாதுகாப்புப் பாடத்தின் முதல் நாளில் மூன்று விடயங்களைச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு பதிவைப் பார்க்க வேண்டியவர் மட்டுமே பார்க்க வேண்டும். அதை உரிமை இல்லாதவர் மாற்ற முடியாதிருக்க வேண்டும். தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்க வேண்டும். ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு நீண்ட பெயர்கள் உண்டு. எங்களுக்கோ இது காணிப் பத்திரத்தின் கதை. பத்திரத்தில் எல்லையும் பெயரும் எவருக்கும் தெரியாமல் மாறினால் இரண்டாவது போயிற்று. கேட்ட நேரத்தில் கோப்பு இல்லையென்றால் மூன்றாவது போயிற்று. இன்று பதிவேடுகள் அலுமாரியில் இருந்து கணினிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அலுமாரிக்குக் காவல் தேவைப்பட்டது போலவே கணினிக்கும் தேவை.

இது வெறும் கற்பனை அல்ல. 2023 ஆகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் பொது இணைய முகில் மீது தாக்குதல் நடந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகைத் தாக்குதல் அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 இல் இருந்து ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தே போயின. காரணம் மிகச் சாதாரணமானது. மின்னஞ்சல் மென்பொருள் பழையது, காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படவில்லை. சேமிப்புப் பிரதியும் அதே தொகுதியோடு இணைந்திருந்ததால் அதுவும் அகப்பட்டது. வேறாக எடுத்துவைத்த பிரதி அந்த மூன்று மாதத்துக்கும் இல்லை. விதைநெல்லை ஒரே மூடையில், ஒரே கொட்டிலில் வைத்துவிட்டு, கொட்டில் எரிந்த பின் நிற்பது போலத்தான். எந்தக் கமக்காரனும் செய்யாத வேலை! 2021 இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அழிந்துபோனதும் இதே முகிலில்தான்.

சின்னக் கவனம் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யும் என்பதற்கு இன்னொரு சம்பவம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கில் இருந்து திருடர்கள் கணினி வழியாகப் பணத்தை எடுத்தார்கள். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டொலர் மாத்திரம் மறிபட்டது. பெறுபவரின் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையாக இருந்ததை வங்கியில் ஒருவர் கண்டதுதான் காரணம். கணினியில் பெரிய விண்ணராக இருந்து கண்டுபிடித்ததல்ல. வாசித்துப் பார்த்துச் சந்தேகப்பட்டதால் கண்டுபிடித்தது.

இனி உத்தியோகத்துக்கு வருவோம். கைபேசிக் காணொளிகளில் பேசுவோர் பெரும்பாலும் அமெரிக்காவை வைத்தே பேசுகிறார்கள். அங்கே பாதுகாப்புத் திணைக்களம் தனது கணினிகளைப் பார்க்கும் ஊழியர்கள் இன்ன இன்ன சான்றிதழ்களில் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று 2000களின் நடுப்பகுதியில் விதித்தது. கொம்ப்டியா நிறுவனத்தின் 'செக்கியூரிட்டி பிளஸ்' அவற்றுள் ஒன்று. ஆகவே அங்குள்ள இளைஞருக்கு அது கதவைத் திறக்கும் திறப்பு. அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது அவர்களுடைய கதவு.

எமது நாட்டில் கதவு வேறு. இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பச் சேவை என்று ஒரு சேவை உண்டு. அதில் மூன்று வகுப்புகள். உதவியாளராகச் சேருபவர்கள் மூன்றாம் வகுப்பில் நுழைகிறார்கள். பட்டதாரிகளுக்கு மேலே வேறு வாசல் இருக்கிறது. வர்த்தமானியில் அறிவித்தல் வரும், பரீட்சைத் திணைக்களம் போட்டிப் பரீட்சை நடத்தும், அதில் எடுக்கும் புள்ளிகளே பேசும். மாகாணப் பதவிகளுக்கு வட மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு தனியாக விளம்பரம் செய்யும். இவற்றுக்கெல்லாம் அடிப்படை க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதமும் மொழியும், உயர்தரம், அதன்மேல் அங்கீகரிக்கப்பட்ட கணினித் தகைமை. வயதெல்லை அறிவித்தலிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் இரண்டு வருடத்தை வீணாக்கிவிடக் கூடாது.

2022 இல் அமைச்சரவை அரச நிறுவனங்களுக்கான தகவல், இணையப் பாதுகாப்புக் கொள்கைக்கு அனுமதி கொடுத்தது. நிறுவனம் தோறும் தகவல் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வேண்டும் என்பது அதில் உள்ள விடயம். 2006 இல் தொடங்கிய இலங்கை கணினி அவசர தயார்நிலை அணி, சுருக்கமாகச் 'சேர்ட்', இந்த வேலைகளுக்கு வழிகாட்டுகிறது. ஆக, தேவை வளர்கிறது என்பது உண்மை. ஆயினும் வெற்றிடம் ஆயிரக்கணக்கில் இல்லை. முதல் வருடமே பாதுகாப்பு அலுவலர் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரதேச செயலகத்தின் கணினிகளைத் திருத்தி, வலைப்பின்னலைப் பராமரித்து, அச்சுப்பொறிக்கு மை போட்டுத்தான் அந்த இடத்துக்குப் போகவேண்டியிருக்கும்.

செலவைப் பார்ப்போம். செக்கியூரிட்டி பிளஸ் பரீட்சைக்கு அமெரிக்காவில் அறவிடும் கட்டணம் 400 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் ஓர் இலட்சத்து இருபதினாயிரம். தவறினால் திருப்பிக் கட்ட வேண்டும். சித்தியடைந்தாலும் மூன்று வருடத்தில் புதுப்பிக்க வேண்டும். ஐ.எஸ்.சி.2 என்ற இன்னொரு நிறுவனம் 2022 இல் ஆரம்பநிலைச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து, பத்து இலட்சம் பேருக்குப் பயிற்சியும் பரீட்சையும் இலவசம் என்று அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் சித்தியடைந்தவர் ஆண்டுதோறும் 50 டொலர் கட்டினால்தான் சான்றிதழ் உயிரோடு இருக்கும் என்பதைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை. கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டுமென்று நற்செய்தியில் வருவதை எமது வாசகர் அறிவர்.

இதைவிட மோசமான செலவு ஒன்று உண்டு. பரீட்சையில் வந்த வினாக்கள் இவைதான் என்று விலைக்கு விற்கிறார்கள். வாங்கிப் பாடமாக்கியவர் பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும். பிடிபடாவிட்டால் வேலையில் முதல் நாளே தெரிந்துவிடும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? என்.வி.கியூ. என்று அழைக்கப்படும் தேசிய தொழில் தகைமையில் இருந்து தொடங்கலாம் என்பது எமது எண்ணம். அதில் ஏழு மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். கணினி வலைப்பின்னல் தொழில்நுட்பவியலாளர் என்ற நான்காம் மட்டப் படிப்பு இதற்கு மிகப் பொருத்தமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் தகவல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. புள்ளி போதுமானவர்களுக்கு 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண்பிள்ளைகளைத் தூரத்துக்கு விடத் தயங்கும் பெற்றோர் தங்குமிடத்தை நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யட்டும். பார்க்காமலே மறுக்க வேண்டாம்.

வலைப்பின்னல் தெரியாமல் பாதுகாப்புப் படிக்க முடியாது. குளம் எங்கே, துருசு எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் கிளைக்கிறது என்று தெரியாதவன் தண்ணீர்க் காவலுக்குப் போனது போலாகும். கணினிகளுக்கிடையே செய்தி வாய்க்காலில் தண்ணீர் போலப் பிரிந்து பிரிந்து போகிறது. ஒவ்வொரு கணினிக்கும் 65,535 வரை இலக்கமிட்ட வாசல்கள் உண்டு. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443 ஆம் வாசல், தூரத்தில் இருந்து கணினியை இயக்க 22 ஆம் வாசல் என்று வழக்கம். தேவையான வாசலை மட்டும் திறந்து மற்றதை அடைத்து வைப்பதே தீச்சுவர் என்ற காவலின் வேலை. யார் வயலுக்கு எப்போது எவ்வளவு திறப்பது என்று வட்டவிதானை வைத்திருக்கும் ஒழுங்குதான் அங்கே 'அணுகல் கட்டுப்பாடு'. 2023 நவம்பரில் வெளிவந்த செக்கியூரிட்டி பிளஸ் பாடத்திட்டத்தில் 28 வீதம் இத்தகைய நாளாந்தக் காவல் வேலைக்கும், 22 வீதம் தாக்குதல்களை அறிவதற்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கேள்விகள் அதிகபட்சம் 90, நேரமும் 90 நிமிடம். நின்று யோசிக்க அவகாசமில்லை. கைப்பழக்கம் வேண்டும்.

கைப்பழக்கத்துக்குப் பழைய கணினி ஒன்று போதும். லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசம். 1997 இல் தொடங்கிய சிஸ்கோ வலைப்பின்னல் கல்விக்கழகம் இணையப் பாதுகாப்பு அறிமுக வகுப்பைக் காசு வாங்காமல் நடத்துகிறது. ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழகுவது சொந்தக் கணினியில் மட்டுமே. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியின்றி இன்னொருவரின் கணினிக்குள் நுழைவதே குற்றம். ஐந்து வருடம் வரை சிறை, ஓர் இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். விளையாட்டுக்குச் செய்தேன் என்பது எடுபடாது. அதுவும் எமது பக்கத்துப் பிள்ளை என்றால் விசாரணை அந்த ஒரு கேள்வியோடு நிற்காது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மொழி பெரிய தடை. மேற்சொன்ன வெளிநாட்டுப் பரீட்சைகள் எதுவும் தமிழில் இல்லை. அரசாங்கப் பரீட்சையோ வேறு விதம். பொதுச் சேவைக்கான பரீட்சையைத் தமிழில் எழுதும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தருகிறது. சேர்ந்த பின்னர் மற்றைய மொழியைக் குறித்த காலத்துக்குள் கற்க வேண்டிவரும், அவ்வளவே. ஆகவே பிள்ளைகள் பாடத்தைத் தமிழில் விளங்கி, சொற்களை ஆங்கிலத்திலும் தெரிந்து வைக்க வேண்டும். ஒரு கொப்பியில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ் விளக்கம். நாளுக்குப் பத்துச் சொல் என்றால் ஒரு வருடத்தில் மூவாயிரத்துக்கு மேல் சேரும்.

ஊரில் சில மூத்தோர் வேறு விதமாகக் கேட்கிறார்கள். வயல் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் பிள்ளைகளைக் கணினிக் காவலுக்கு அனுப்புவதா, அனுப்பினால் நிலத்தைக் கேட்க யார் மிஞ்சுவார்கள் என்கிறார்கள். இது அற்பமான கேள்வி அல்ல. பிள்ளைகள் படித்துக் கொழும்போடு தங்கிவிட்ட ஊர்கள் எமக்குத் தெரியும். ஆனால் நிலத்தைக் கேட்பதற்கும் ஆவணந்தான் ஆயுதம். பத்திரங்களைப் படம் பிடித்து, மூன்று இடத்தில் பிரதி வைத்து, ஒன்றை இணையத்தோடு தொடர்பில்லாத இடத்தில் பூட்டி வைக்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஊருக்கு எவ்வளவு பயன்! காணிக் கந்தோரில் பதிவு எப்படி மாற்றப்பட்டது, யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்று கணினிக் குறிப்பைக் கேட்டு வாங்கத் தெரிந்த ஒருவர் எமக்குள் இருக்க வேண்டாமா? உத்தியோகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த அறிவு வீட்டில் இருக்கும்.

சம்பந்தப்பட்டவர்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. கரைதுறைப்பற்றுப் பிரிவின் தெற்கு மூலைக்கு, கொக்குத்தொடுவாயிலாவது, வலைப்பின்னல் பயிற்சி வகுப்பு ஒன்று வாரத்தில் இரு நாள் வரவேண்டும். பாடசாலைக் கணினி அறைகள் பிற்பகலில் பூட்டிக் கிடக்காமல் பாடசாலை விட்ட பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். வர்த்தமானி அறிவித்தல் வந்த கிழமையே கிராம அலுவலர் அலுவலகத்திலும் கோயில், ஆலய அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டப்பட வேண்டும். முடிவு திகதிக்கு இரண்டு நாள் முன்னர் கேள்விப்பட்டு ஓடுவதால் நாம் இழந்த விண்ணப்பங்கள் போதும். பங்குகளில் உள்ள வாசிகசாலைகளை மாலையில் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து படிக்கக் கொடுப்பது எமது கையிலேயே இருக்கிறது. அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. மாரி தொடங்கி, வயல் வேலையும் வெள்ளமும் பிள்ளைகளை இழுத்துக்கொள்வதற்கு முன்னர், இந்தக் கோடையிலேயே அந்தக் கதவுகளைத் திறந்துவிடலாம்.