குற்றம் தாய்ப்பாலில் இல்லை

சில மாதங்களுக்கு முன் ஓர் இளந்தாய் மூன்று மாதக் கைக்குழந்தையுடன் நம்மைக் காண வந்தார். குழந்தையின் மலத்தில் சளியும், நூலிழைபோல் இரத்தமும் காணப்பட்டன. கன்னங்களில் கரப்பான் படர்ந்திருந்தது. "உன் பால் பிள்ளைக்கு ஆகவில்லை, நிறுத்திவிட்டுப் புட்டிப்பால் கொடு" என்று மாமியார் கூறிவிட்டாராம். அதைச் சொல்லும்போதே அப்பெண்ணின் குரல் உடைந்தது. அவரைப் போல் கலங்கும் தாய்மார் வேறு பலரும் இருக்கக்கூடும் என்பதால் அவரிடம் கூறியதை இங்கே எழுதுகிறோம்.

இத்தகைய குழந்தைக்குத் தாய்ப்பால் பகையன்று. தாய் அருந்தும் பசும்பாலின் புரதம் மிகச் சிறிய அளவில் தாய்ப்பாலில் கலக்கிறது. தாய்ப்பால் மட்டுமே பருகும் குழந்தைகளில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. கடையில் விற்கும் பால்மாவோ பெரும்பாலும் பசும்பாலிலிருந்தே செய்யப்படுகிறது. துளியைத் தாங்காத வயிற்றுக்கு அதையே புட்டி நிறைய ஊட்டுவது எங்ஙனம் மருந்தாகும்?

பாலிலுள்ள சர்க்கரையை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. தாய்ப்பாலின் சர்க்கரை தாயின் மார்பிலேயே உருவாகிறது. தாய் பாலை விலக்குவதால் அது குறையாது. விலக்கினால் குறைவது பசும்பாலின் புரதமே.

எனினும், குழந்தை அழுவதும் சிறிது பால் கக்குவதும் மட்டுமே இதற்கு அடையாளமாகா. ஆசனவாயில் ஏற்படும் வெடிப்பினாலும் இரத்தம் தோன்றலாம். ஆகவே முதலில் குழந்தை மருத்துவரை நாட வேண்டும். முகம் வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், எடை ஏறாவிட்டாலும் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

மருத்துவர் ஐயுற்றால், தாய் 2 முதல் 4 வாரங்கள் பாலை முற்றிலும் விலக்கிப் பார்க்கலாம். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பால்கோவா யாவும் இதில் அடங்கும். பிள்ளை பெற்றவளுக்குக் கிளறும் லேகியத்தின் நெய்யையும், ரொட்டி, பிஸ்கட்டில் சேர்ந்துள்ள பால்மாவையும் மறந்துவிடலாகாது. எருமைப்பாலும் ஆட்டுப்பாலும் மாற்றாகா. அவற்றின் புரதமும் பசும்பாலின் புரதத்தை ஒத்ததே.

இதன்பின் பலர் தவறவிடும் படி ஒன்று உண்டு. குழந்தை நலமடைந்ததும், மருத்துவரின் சொற்படி, தாய் மீண்டும் பால் அருந்திப் பார்க்க வேண்டும். சில குழந்தைகளுக்கு இக்குறிகள் தாமாகவே மறைவதுண்டு. பால் அருந்தியபின் அவை திரும்பினால் ஐயம் உறுதியாகும்; திரும்பாவிடில் தாய் வீணாகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

பாலை விலக்கும் தாயின் எலும்புகளையும் நினைவில் கொள்வோம். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. எள்ளும், முருங்கைக்கீரையும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும் துணை நிற்கும். பற்றாக்குறைக்கு மாத்திரையை மருத்துவர் தருவார். மீனும் முட்டையும் உண்ணாதவர்கள் வைட்டமின் பி12 குறித்தும் அவரிடம் கேட்க வேண்டும்.

அந்த இளந்தாயின் குழந்தைக்கு மூன்றாம் வாரத்தில் மலம் தெளிந்தது. அவர் மீண்டும் பால் அருந்தியதும் இரத்தம் திரும்பவே, ஐயம் உறுதியாயிற்று. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இத்தொல்லை நீங்கிவிடுவதால், குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போது மறுபடியும் பார்க்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அதுவரை தாய்ப்பாலே தொடர்கிறது.

இப்போது காலைதோறும் மருமகளுக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சித் தருபவர் அந்த மாமியாரே. பாலூட்டும் தாய்க்கு வீட்டார் பழி சொல்லாமல் துணை நின்றால், பத்தியத்தின் பாரம் பாதியாகக் குறையும்.