சிரிப்பதற்குக் காணி உறுதி வேண்டுமா?

கொழும்பு, பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபத்தைக் கடந்து போகும் போதெல்லாம் மூத்தவர் ஒருவர் சொன்ன சம்பவம் எமக்கு நினைவுக்கு வரும். 1983 ஆடிக் கலவரத்தில் வீடு வாசல் எரிந்தவர்கள் அந்த மண்டபத்திலும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் தஞ்சம் புகுந்திருந்தார்கள். மலசலகூட வரிசை வளவைச் சுற்றி நீண்டிருந்ததாம். செட்டியார் தெருவிலிருந்து வேல் தேர் பம்பலப்பிட்டிக்கு வருவது அந்நாளில் கொழும்பின் பெருவிழா. வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், "ஆடிவேல் சனம் முழுக்க வந்திட்டுது, தேரைத்தான் இன்னும் காணேல்லை" என்றாராம். வரிசை முழுவதும் சிரித்தது. "சிரிச்ச பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. அதுவரை மரக்கட்டை மாதிரி நின்றனான்" என்று அவர் எம்மிடம் சொன்னார்.

இடம்பெயர்ந்தவர் சிரிக்கலாமா என்ற கேள்வியை எமது பணித்தலங்களில் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். ஒருமுறை வெளியிலிருந்து வந்த படப்பிடிப்பாளர் ஒருவர், வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறிய தாய் ஒருவரிடம், சிரிக்காமல் நிற்கும்படி கேட்டார். அந்த அம்மா, "ஏன் தம்பி, நான் சிரிச்சால் காணி தரமாட்டினமோ?" என்று கேட்டுவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார். படம் பழுதாகிப் போனது. நாம் மட்டும் என்ன திறம்? எமது அறிக்கைகளிலும் இவ்வளவு காலமும் வாடிய முகங்களையே தேடித் தேடி ஒட்டியிருக்கிறோம்.

சிரிப்பவனுக்குக் குறை இல்லை என்று நினைப்பது பெரிய தவறு. கரவெட்டியில் பிறந்த சிவஞானசுந்தரம் 1963 இல் கொழும்பில் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கினார். பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து, நிலைமை மோசமான எண்பதுகளிலும் அதை வெளியிட்டார். அவருடைய சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் எங்கள் ஊர் மனிதர்கள். 1996 இல் அவர் மறைந்தார். அவரை வாசித்துச் சிரித்த எவரும் துன்பத்தை மறந்துவிடவில்லை. துன்பம் தந்தவர்களைச் சற்று உயரம் குறைத்துப் பார்க்கப் பழகினார்கள், அவ்வளவுதான்.

வேதாகமத்தையும் பாருங்கள். ஆபிரகாமும் சாராவும் சொந்த நிலத்தை விட்டுப் புறப்பட்டுக் கூடாரங்களில் வாழ்ந்த குடும்பம். தள்ளாத வயதில் பிள்ளை பிறக்கும் என்று கேட்டதும் சாரா கூடாரத்துக்குள் நின்று சிரித்துவிட்டாள். ஆண்டவர் கேட்டபோது, பயத்தில், சிரிக்கவில்லை என்று பொய்யும் சொன்னாள். பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயர் ஈசாக்கு. சிரிப்பு என்பதுதான் அதன் பொருள். காணி உறுதி அந்தக் கையில் அப்போது இல்லை. திருத்தந்தை பிரான்சிஸும் 2018 இல் எழுதிய ஏட்டில், புனித வாழ்வையும் நகைச்சுவை உணர்வையும் சேர்த்தே பேசினார். புனித தோமஸ் மூர், புனித பிலிப்பு நேரி ஆகியோரை உதாரணம் காட்டினார்.

ஒன்று சொல்லவேண்டும். மேடையில் நின்றுகொண்டு, சிரியுங்கள், எல்லாம் சரிவரும் என்று சொல்ல எமக்கு உரிமை இல்லை. வலிகாமம் வடக்கில் ஒரு பகுதி காணி இன்னும் விடப்படவில்லை. அதைக் கேட்பதை நிறுத்தவும் கூடாது. அகதி என்று பிறர் செய்யும் கேலியையும் நாம் சிரிப்பில் சேர்க்கவில்லை.

எம்மை வருத்துவது வேறு. "காணி விட்ட பிறகு பாப்பம்" என்று கலியாணத்தைத் தள்ளிப்போட்ட வீடுகள் எத்தனை! 1990 இல் கைக்குழந்தையாகத் தூக்கிவரப்பட்டவருக்கு இன்று 35 வயது தாண்டிவிட்டது. இரவல் காணி என்பதால் ஒரு பயன்மரம்கூட வைக்காத குடும்பங்களும் உண்டு. முருங்கைத் தடி ஒன்றை நட்டால் ஒரு வருடத்துக்குள் காய்க்கும். பப்பாசியும் அப்படியே. ஊர் திரும்பும் நாள் வந்தால் முருங்கையில் ஒரு கொம்பை வெட்டிக்கொண்டு போகலாம். மரம் காணிக்காரருக்கு நாம் கொடுத்த வாடகையாக நிற்கட்டும்.

அடுத்த இதழில் முகாம் பகிடிகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். கேட்டதை, கண்டதை எழுதி உங்கள் பங்குப் பணிமனையில் கொடுங்கள். சுவாமிமாரைப் பற்றிய பகிடியானாலும் பரவாயில்லை, எழுதியவர் பெயர் போடமாட்டோம்.